பக்கத்து அறை ஹீலியம்

ஜூன் 4, செவ்வாய்

இன்றும் பதினோரு நொடிதான். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை நாற்பத்தாறு முறை ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் ருபீடியம் அணுக்கள் காந்தப் பொறிக்குள் வந்து சேருகின்றன, குளிரத் தொடங்குகின்றன, பதினோரு நொடிக்குள் பாதிக்கு மேல் காணாமல் போய்விடுகின்றன. மார்ச் மாதத் தொடக்கத்தில் இதே பொறியில் நாற்பது நொடி நின்றவை. கடைசிக் கட்டக் குளிர்விப்புக்கு மட்டுமே இருபத்தைந்து நொடி வேண்டும்.

முழுப்பூச்சியத்துக்கு மேலே ஒரு டிகிரியில் கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு குளிருக்குப் போனால்தான் அந்த லட்சம் அணுக்களும் தனித்தனியாக இருப்பதை விட்டுவிட்டு ஒரே அலையாக நடந்துகொள்ளும். கணினித் திரையில் அது ஒரு சிறிய கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளியை வைத்துத்தான் ஒன்பது வருடமாக இந்த நிறுவனத்தில் நான் இருக்கிறேன். ஏப்ரலிலிருந்து புள்ளி இல்லை.

ஏப்ரலுக்கு முன்னால் என்ன மாறியது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே எழுதி வைக்கிறேன். மார்ச் 25ஆம் தேதி அமலதாஸ் தன் மீகடத்திக் கருவிகளோடு அடித்தளத்தில் எங்களுக்குப் பக்கத்து அறைக்கு வந்தார். ஆளுயர ஃப்ரிட்ஜ் ஒன்று, அதற்கு வாரம் ஒருமுறை திரவ ஹீலியம், இரண்டு பம்புகள், சத்தமாகச் சிரிக்கிற ஒரு மாணவி.

பல்லில் மறுபடி வலி. இடது பக்கம் மென்று சாப்பிட முடியவில்லை.

ஜூன் 6, வியாழன்

அமலதாஸோடு தாழ்வாரத்தில் வாய்த்தகராறு. அவர்தான் ஆரம்பித்தார் என்று சொல்ல ஆசை. ஆனால் நான்தான் அவர் கதவைத் தட்டினேன்.

"உங்க அறையில இருந்து ஏதோ ஒண்ணு என் அணுவை அடிக்குது. காந்தப்புலமோ அதிர்வோ, எதுன்னு தெரியல. ரெண்டு நாள் நிறுத்தி வைங்க, பாத்துடலாம்" என்றேன்.

"ரெண்டு நாளா? என்ன பேசுதீங்க நீங்க?" அவருக்குக் கோபம் வந்தால் நாகர்கோவில் வெளியே வந்துவிடும். "பியூலா மூணு மாசமா ஒரே சாம்பிள ஓட்டிக்கிட்டு இருக்கா. நிறுத்தினா போச்சு."

"எனக்கும் ரெண்டு மாசமா எல்லாம் போச்சு."

"அதுக்கு நான் என்ன செய்ய? உலகத்துல முப்பது வருஷத்துக்கு முன்னாடியே செஞ்சு முடிச்சத நீங்க இன்னும் செஞ்சுக்கிட்டு இருக்கீங்க. அதுவும் வர மாட்டேங்குது."

இதே வாக்கியத்தைத்தான் இரண்டு வருடத்துக்கு முன் என் பதவி உயர்வுக் குழுவில் உட்கார்ந்துகொண்டு ஆங்கிலத்தில் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். தமிழில் இன்றுதான் கேட்டேன். தமிழில் இன்னும் நன்றாக இருந்தது.

ஜூன் 7, வெள்ளி

பதினொன்று.

ஜூன் 11, செவ்வாய்

கிடைத்துவிட்டது.

வெற்றிடத்தில் என்னென்ன வாயு மிச்சமிருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கருவியை வேதியியல் துறையிலிருந்து இரவல் வாங்கி இன்று பொருத்தினோம். நீராவி இருந்தது, ஹைட்ரஜன் இருந்தது; அவை எப்போதும் இருப்பவை. பக்கத்தில் ஹீலியம் குச்சி போல எழுந்து நின்றது. சாதாரணமாக அது அங்கே கண்ணுக்கே தெரியாது.

ஹீலியம் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு மெல்ல மெல்ல உள்ளே போகும். என் அணுக்கள் விரல் நீளக் கண்ணாடிக் கலத்தில் இருக்கின்றன. சுற்றியிருக்கும் காற்றில் ஹீலியம் கூடினால் கலத்துக்குள்ளும் கூடும். உள்ளே போன ஒரு ஹீலியம் அணு மோதினால் போதும், ருபீடியம் பொறியை விட்டுப் போய்விடும். இந்தக் கட்டடத்தில் ஹீலியத்தைக் குடம் குடமாக ஊற்றுகிறவர் ஒருவர்தான்.

எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்து மாதங்கள் ஆகின்றன.

ஆறுச்சாமி மட்டும் கருவியையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் தொழில்நுட்ப அலுவலர். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. நான் சேர்ந்த நாள்முதல் என்னோடு இருப்பவர்.

"ஏனுங் மேடம், நம்ம சிலிண்டரயும் ஒருக்கா பாத்துப் போடலாமுங்களா?"

"எந்த சிலிண்டர்?"

"மூலையில நிக்குதுங்களே, லீக் டெஸ்ட் சிலிண்டரு. மார்ச்சுல பொண்ணு கல்யாணத்துக்கு நான் லீவுல இருந்தப்ப நீங்க டெஸ்ட் பண்ணீங்கன்னு ரிஜிஸ்டர்ல இருக்குதுங்க."

பண்ணினேன். மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. ஒரு வால்வை மாற்றிய பிறகு எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, வெளியிலிருந்து ஹீலியத்தை மெல்லிய குழாயால் ஊதிப் பார்க்க வேண்டும். எல்லா ஆய்வகங்களிலும் செய்வதுதான். ஓட்டை இல்லை. சிலிண்டர் மூடப்பட்டது.

"அதெல்லாம் மூடியாச்சு" என்றேன்.

"இல்லீங், ஒரு பார்வ பாத்துட்டா..."

"ஆறுச்சாமி, மூடியாச்சுன்னா மூடியாச்சு."

"செரிங்க."

ஜூன் 14, வெள்ளி

புகார்க் கடிதத்தை இயக்குநருக்கு அனுப்பினேன். நான்கு பக்கம், மூன்று வரைபடம். அதோடு ஒரு பத்தி சேர்த்தேன்: மூடிய அடித்தள அறையில் ஹீலியம் சேர்ந்தால் ஆக்சிஜன் குறையும், வேலை செய்கிறவர்கள் மயங்கி விழக்கூடும். இது பொய் அல்ல. இந்த அளவு கசிவுக்கு அப்படியெல்லாம் நடக்காது என்பது வேறு விஷயம். ஆராய்ச்சி கெடுகிறது என்றால் இயக்குநர் ஆறு மாதம் யோசிப்பார். உயிராபத்து என்றால் ஆறு நாளில் கூட்டம் போடுவார்.

வீட்டில் தோசை மாவு புளித்துவிட்டது. கொட்டினேன்.

ஜூன் 20, வியாழன்

ஆறாவது நாள் கூட்டம்.

அடித்தளப் பாதுகாப்புக் குழுவுக்கு நான்தான் தலைவி. என்னுடைய புகார் என்பதால் வாக்களிக்கவில்லை. நாற்காலியில் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

வெளியிலிருந்து வந்த பரிசோதகர் அமலதாஸின் குழாய்களைச் சோதித்து அறிக்கை தந்திருந்தார். ஒரே ஒரு இணைப்பில் லேசான கசிவு. 'அனுமதிக்கப்பட்ட அளவுக்கும் கீழே' என்று எழுதியிருந்தார். நான் 'கசிவு' என்ற சொல்லை மட்டும் இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

அமலதாஸ் கத்தினார். கத்துகிறவர் பேச்சை யாரும் கேட்பதில்லை. அவருக்கு அது தெரியாது.

பிறகு பியூலா எழுந்தாள். வள்ளியூர்ப் பெண், ஐந்தாம் வருட மாணவி. உதவித்தொகை அக்டோபரோடு முடிகிறது. கையில் குறிப்பு எதுவும் இல்லை.

"சார், என் சாம்பிள்ல அலுமினிய இணைப்பு ஒண்ணு இருக்கு. மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குகூட இருக்காது. அதுல ஒரே ஒரு குறைபாடு. அது நாளுக்கு நாள் எப்படி நகருது, குவாண்டம் கம்ப்யூட்டருக்கான கியூபிட்டோட நிலைய எப்படிக் கெடுக்குதுன்னு மார்ச்லருந்து தினமும் அளந்துட்டு இருக்கேன். ஆறு மாசம் தொடர்ந்து அளக்கணும். அதுதான் தீசிஸ். நடுவுல சூடாக்கினா உள்ள எல்லாம் மாறிரும். அதே சாம்பிள்தான், ஆனா வேற குறைபாடு. திரும்பக் குளிர வச்சாலும் பழசு வராது."

"ஹீலியம் ஊத்தாம எவ்வளவு நாள் குளிரா இருக்கும்?" என்று இயக்குநர் கேட்டார்.

"நாலு நாள் சார்."

"லைன் முழுக்க மாத்தி முடிக்க?"

"ஆறு வாரமாவது ஆகும்" என்றார் பரிசோதகர்.

பியூலா என்னைப் பார்த்தாள். குழுத் தலைவியை எல்லோரும்தான் பார்ப்பார்கள். நான் காகிதங்களை அடுக்கினேன்.

ஹீலியம் நிரப்புவதை உடனே நிறுத்த வேண்டும் என்று முடிவாயிற்று.

ஜூன் 24, திங்கள்

பக்கத்து அறை சூடாகிவிட்டது. வெறும் அறை வெப்பநிலைக்கு வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். முப்பது டிகிரி.

மதியம் சாப்பாட்டுக்குப் போகும்போது அவர்கள் கதவு பாதி திறந்திருந்தது.

"அந்தக் கப்ளிங்க இறுக்கினது யாரு? நீதான?" அமலதாஸின் குரல்.

"நான்தான் சார். சரியாத்தான் சார் இறுக்கினேன்."

"சரியா இறுக்கினா எப்படி லீக் ஆவும்? அஞ்சு வருஷமா என்ன படிச்ச நீ? உன்னால இப்ப எல்லாவனும் என் மூஞ்சில காறித் துப்புதான்."

நான் படியேறிவிட்டேன். மாணவியிடம் இப்படிப் பேசுகிற மனிதர் என்று இயக்குநரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். தேவைப்பட்டால் சொல்லலாம்.

ஜூலை 1, திங்கள்

பதினொன்று. ஹீலியம் இறங்கவே இல்லை.

ஒரு வாரம்தானே ஆகிறது. அவர்கள் குழாய்களில் மிச்சம் இருக்கும்.

ஜூலை 3, புதன்

பல் மருத்துவர் வேர்ச் சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார். மூன்று முறை வரச் சொன்னார். "எத்தன நாளா வலிக்குது?" என்று கேட்டார். ஒரு வாரம் என்றேன். எக்ஸ்ரே படத்தைப் பார்த்தவர், "அப்படித் தெரியலயே" என்றார்.

பதினொன்று.

ஜூலை 5, வெள்ளி

ஆறுச்சாமி இன்று எதுவும் கேட்கவில்லை. மூலையைத் துடைக்கிற சாக்கில் சிலிண்டர் பக்கம் போனார். "அங்க என்ன வேல உங்களுக்கு? லேசர் அலைன்மென்ட் பாருங்க" என்றேன். துணியை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு லேசர் பக்கம் வந்தார்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. மூலை அழுக்காகத்தான் இருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

உள்ளதை எழுதுகிறேன்.

ஆறுச்சாமி சாப்பிடப் போயிருந்தார். காந்தச் சுருளுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி நகர்ந்திருப்பது போலத் தோன்றியது. காற்றசைவு படாமலிருக்கக் கலத்தைச் சுற்றி ஒரு கறுப்புப் பெட்டி போட்டிருக்கிறோம். எப்போதும் முன்பக்கத்தைத்தான் திறப்போம். இன்று பின்பக்கத் தகட்டின் திருகுகளைக் கழற்றினேன்.

சுருளுக்கும் தகட்டுக்கும் நடுவில் வெள்ளைக் குழாய். நூடுல்ஸ் பருமன். அதன் வாய் கண்ணாடிக் கலத்திலிருந்து நான்கு விரல் தூரத்தில், கலத்தைப் பார்த்தபடி இருந்தது. குழாயைக் கையில் பிடித்துக்கொண்டே போனேன். மேஜைக்கு அடியில், வயர்களோடு வயராக, சுவரோரமாக, மூலைக்குப் போயிற்று.

சிலிண்டரின் வால்வு மயிரிழை அளவு திறந்திருந்தது.

குழாய் உள்ளேயே விடுபட்டுப் போயிருக்கிறது. வால்வு முழுவதுமாக மூடப்படாமல் இருந்திருக்கிறது. மார்ச் 17லிருந்து இன்றுவரை, நூற்றுப் பதினான்கு நாள், மூடிய பெட்டிக்குள் ஹீலியம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. அமலதாஸ் வந்தது மார்ச் 25.

வால்வை மூடினேன். குழாயை உருவிச் சுருட்டிக் கைப்பையில் வைத்தேன். தகட்டைத் திரும்பப் பொருத்தினேன். நான்கு திருகில் ஒன்று கீழே விழுந்து எங்கோ உருண்டுவிட்டது. அதைத் தேடிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தபோது ஆறுச்சாமி வந்துவிட்டார்.

"என்னங்க மேடம் தேடறீங்?"

"ஒண்ணுமில்ல."

மேஜைக் காலடியிலிருந்து திருகை எடுத்துக் கொடுத்தார்.

ஜூலை 10, புதன்

சிலிண்டரைக் கிடங்குக்கு அனுப்பியாயிற்று.

"காலியாயிருச்சுங்களா?" என்று ஆறுச்சாமி கேட்டார். ஆமாம் என்றேன். அழுத்தமானியைப் பார்த்தார். முள் பூச்சியத்தில் இல்லை. ரிஜிஸ்டரில் தேதி போட்டார். வேறெதுவும் கேட்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

பத்தொன்பது நொடி.

ஜூலை 14, ஞாயிறு

சேலத்திலிருந்து தாமோதரன் வந்திருந்தார். கணவருக்கு அங்கே வங்கியில் வேலை. வாரம் ஒருமுறைதான் வீடு.

"என்ன, மூஞ்சி இப்படி வாடிக் கிடக்கு?"

"பல்லு."

"பல்லுக்கா நேத்து ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்த?"

"பல்லு வலிச்சா உக்காரத்தான் செய்வாங்க."

துணி துவைத்தோம். இரண்டு பக்கெட். மதியம் மழை வந்து எல்லாவற்றையும் நனைத்துவிட்டது.

ஜூலை 16, செவ்வாய்

முப்பத்துநான்கு நொடி. காலை பதினொன்று இருபதுக்குத் திரையில் புள்ளி வந்தது. சின்னதாக, கறுப்பாக, நடுவில். நான்கு மாதத்துக்குப் பிறகு. அதைப் பார்த்தபோது எதுவுமே நினைவில் இல்லை. அந்த ஒரு நிமிடத்தை மட்டும் நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

மதியம் இயக்குநரே இறங்கி வந்தார். கையில் லட்டுப் பெட்டி.

"பாத்தீங்களா வடிவாம்பாள், அவங்க ஹீலியத்த நிறுத்தினதும் உங்களுக்கு வந்துருச்சு. இதவிட வேற என்ன ப்ரூஃப் வேணும்? நீங்க சொன்னப்ப எனக்கே கொஞ்சம் சந்தேகமாத்தான் இருந்தது."

"தேங்க்ஸ் சார்."

"அமலதாஸ் குரூப்ப பழைய ஒர்க்‌ஷாப் ஷெட்டுக்கு மாத்திடலாம்னு இருக்கேன். இருபத்திரண்டாந்தேதி கூட்டத்துல முடிவு பண்ணிடுவோம். அந்த ரூமையும் நீங்களே எடுத்துக்குங்க."

அந்த அறையை நான் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

லட்டுப் பெட்டியை ஆறுச்சாமியிடம் நீட்டினேன்.

"சக்கரைங்க மேடம்" என்று கையை எடுத்துவிட்டார்.

போன வாரம் கணக்குப் பிரிவில் நடந்த பிரிவு உபசார விருந்தில் இரண்டு தம்ளர் பாயசம் குடித்தார்.

ஜூலை 18, வியாழன்

பியூலா வந்தாள். கதவருகிலேயே நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், ஒரு நிமிஷம். சார் போகச் சொல்லல, நானாத்தான் வந்தேன்."

"சொல்லு."

"அந்தக் கப்ளிங் நான் இறுக்கினதுதான். அன்னைக்கு ரீடிங் எடுக்கிற அவசரத்துல, அளவா இறுக்குற டார்க் ரென்ச்ச எடுக்கல, சாதா ஸ்பேனர்லயே இறுக்கிட்டேன். அதான் லீக் ஆயிருக்கு. உங்களுக்கு மூணு மாசம் வீணாப் போச்சு. நிறுத்தினதும் உங்களுக்கு வந்துருச்சுன்னு கேள்விப்பட்டேன். அப்போ என் தப்புதான்னு உறுதியாயிருச்சுல்ல. அதான், சாரி சொல்லலாம்னு வந்தேன்."

இதைச் சொல்லும்போது அழவில்லை. வீட்டிலேயே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு வந்தவள் போலச் சொன்னாள்.

"உன் தீசிஸ் என்னாகும்?" என்றேன்.

"தெரியல மேடம். அப்பா வந்து கூட்டிட்டுப் போறேங்கிறாரு. வள்ளியூர்ல ஒரு ஸ்கூல்ல பிசிக்ஸ் டீச்சர் வேல இருக்காம். கையில நிதானம் இல்லாதவளுக்கு லேப் எதுக்குன்னு சாரும் சொல்லிட்டாங்க."

என் கைப்பை மேஜைமேல் இருந்தது. குழாய் இன்னும் அதற்குள்தான் இருந்தது. நான் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "சரி, போ. பாத்துக்கலாம்" என்றுதான் சொன்னேன்.

"தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு நன்றி சொன்னாள்.

ஜூலை 19, வெள்ளி

முப்பத்தெட்டு நொடி. புள்ளி. ஓட்டுகிற ஒவ்வொரு முறையும் புள்ளி.

ஜூலை 20, சனி

தாமோதரனிடம் தொலைபேசியில் சொன்னேன். "இத ஏன் எங்கிட்ட சொல்ற? அந்தப் புள்ளகிட்ட சொல்லு" என்றார். எனக்குக் கோபம் வந்து வைத்துவிட்டேன்.

ஜூலை 22, திங்கள்

சொல்லிவிட்டேன்.

கூட்டத்தில் ஏழு பேர். அமலதாஸ் வந்திருந்தார், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பியூலா அவருக்குப் பின்வரிசையில். இயக்குநர் இடமாற்றத் தீர்மானத்தைப் படிக்க ஆரம்பித்ததும் நான் கையைத் தூக்கினேன். குழாயை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"ஹீலியம் பக்கத்து ரூம்லருந்து வரல. என்னோட சிலிண்டர்லருந்துதான் வந்தது. லீக் டெஸ்ட் பண்ணினப்போ குழாயப் பெட்டிக்குள்ளயே விட்டுட்டேன். நேத்துதான் கண்டுபிடிச்சேன்."

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நான் வீட்டில் இருந்தேன்.

இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க போட்ட நாலு பக்கக் கடிதத்த நம்பித்தான் மேடம் நான் கையெழுத்துப் போட்டேன்."

"தெரியும் சார்."

"ஆக்சிஜன் குறையும், ஆள் விழுவாங்கன்னு எழுதியிருந்தீங்க."

"ஆமா சார்."

இடமாற்றத் தீர்மானம் ரத்து. பாதுகாப்புக் குழுத் தலைமையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். விசாரணை வரும். அமலதாஸ் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்துத் தயாராகப் போயிருந்தேன்.

பியூலா குழாயை ஒருமுறை பார்த்தாள். பிறகு தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

ஜூலை 23, செவ்வாய்

அமலதாஸ் அறைக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே பேசினோம்.

"மன்னிச்சுக்கங்க" என்றேன்.

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

"எல்லாத்துக்கும்னு ஒண்ணு கெடையாது. உங்க மன்னிப்ப ஊத்தினா என் ஃப்ரிட்ஜ் குளிருமா? அந்தப் புள்ளயோட மூணு மாசம் வருமா?"

"என் குரூப்போட ஹீலியம் ஒதுக்கீடு மொத்தத்தையும் உங்களுக்கு எழுதித் தர்றேன். இந்த வருஷம் முழுக்க."

"தாங்க. வாங்கிக்கிடுதேன். அதுக்காக நாம பேசிக்கிட்டோம்னு நெனச்சுக்கிடாதீங்க."

எனக்கும் சூடேறியது. "நீங்க அவளைத் திட்டினீங்களே, அதையும் நானா செஞ்சேன்? விசாரிக்காம அவ தலையில போட்டது நீங்கதானே?"

அவர் முகம் சிவந்தது. அடிப்பார் என்றுகூட நினைத்தேன்.

"ஆமா. அத நான் அவகிட்டப் பேசிக்கிடுதேன். அது உங்களுக்குத் தேவையில்லாதது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அவரை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அவர் சொன்னது சரி என்பதால் கூடுதலாகப் பிடிக்கவில்லை.

ஜூலை 31, புதன்

வேர்ச் சிகிச்சை முடிந்தது. பல்லுக்குத் தொப்பி மாட்டியிருக்கிறார்கள்.

ஆறுச்சாமி வேறு ஆய்வகத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று போட்டிருந்தார். என் பரிந்துரை வேண்டும். போட்டுக் கொடுத்தேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன். எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை.

"திருகு எடுத்துக் குடுத்தன்னிக்கே தெரியுமுங்க."

"அப்பவே ஏன் சொல்லல?"

"ஜூன்லயே சொன்னனுங்களே மேடம்."

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பக்கத்து அறை மறுபடி குளிர்ந்துவிட்டது. என் ஒதுக்கீட்டில். பியூலா பழைய இடத்தில் அந்தக் குறைபாட்டைத் தேடியிருக்கிறாள். இல்லை. அவள் சொன்னபடியே, அதே சாம்பிள், வேறு ஏதோ. தாழ்வாரத்தில் இரண்டு மாணவர்கள் பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது. நான் வருவதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள்.

மூன்று மாத அளவீட்டை வைத்தே தீசிஸை முடிக்கப் போகிறாளாம். உதவித்தொகையை நான்கு மாதம் நீட்டித்திருக்கிறார்கள். வள்ளியூர் போகவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

பியூலா காலை பத்து மணிக்கு வந்தாள். இந்த முறை சொல்லாமலே உட்கார்ந்தாள்.

போன வாரம் மின்னஞ்சலில் இரண்டு விஷயம் கேட்டிருந்தாள். அளவீடு ஏன் தொண்ணூறு நாளோடு நின்றது என்று தீசிஸில் ஒரு பின்னிணைப்பு வேண்டும். அதற்கு என் கையெழுத்தோடு ஒரு பத்தி. கூடவே ஏப்ரலிலிருந்து எங்கள் அணுக்களின் ஆயுள், நாள்வாரியாக. இரண்டையும் அனுப்பியிருந்தேன். இரண்டையும் அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"பத்தியில 'கசிவு ஏற்பட்டது'ன்னு இருக்கு மேடம்."

"ஆமா."

"தானா ஏற்படலல்ல?"

பேனாவை நீட்டினாள். அடித்துவிட்டு, 'மார்ச் 17 அன்று நான் திறந்த வால்வை நான் முழுவதும் மூடவில்லை' என்று மேலே எழுதினேன். 'குழாய் உள்ளே விடுபட்டது' என்பதையும் அவள் சொல்வதற்கு முன்பே 'குழாயை நான் உள்ளே விட்டுவிட்டேன்' என்று திருத்தினேன்.

படித்துப் பார்த்தாள். அடுத்த தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தாள். ஆயுள் அட்டவணை.

"எங்களோடது ஜூன் 24 நின்னுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு வாரமா உங்களுக்குப் பதினொண்ணுதான். ஜூலை பத்துலருந்து ஏறுது. பன்னெண்டுல பத்தொம்பது. பதினாறுல முப்பத்திநாலு." விரலை அந்த வரியிலேயே வைத்திருந்தாள். "இருபத்தொண்ணாந்தேதி கண்டுபிடிச்சதா கூட்டத்துல சொன்னீங்க. அப்படின்னா பத்தாந்தேதி ஏன் மேடம் ஏறுச்சு?"

எண்களை அனுப்பியது நான்தான். அனுப்பும்போது பார்க்கவில்லையா, அல்லது பார்த்தேனா என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

"ஒன்பதாந்தேதி" என்றேன்.

"நான் சாரி சொல்ல வந்தது பதினெட்டு."

"ஆமா."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

அவள் முகம் அப்படியே இருந்தது. வெறுப்பு தெரிந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அளவீட்டில் சந்தேகம் வந்தால் மறுபடி சரிபார்ப்பவர்களின் முகம்தான் அது.

"அதையும் எழுதுங்க மேடம்."

எழுதினேன். 'ஜூலை 9 அன்று இதை நான் கண்டுபிடித்தேன். ஜூலை 22 வரை யாரிடமும் சொல்லவில்லை. அன்று கூட்டத்தில், நேற்றுதான் கண்டுபிடித்தேன் என்று பொய் சொன்னேன். மாணவி பியூலா இறுக்கிய இணைப்பு இதற்குக் காரணம் அல்ல.' கடைசி வாக்கியத்தை அவள் கேட்கவில்லை.

"இது சார்கிட்டப் போகும். டைரக்டருக்கும் போகும்" என்றாள்.

"தெரியும்."

"விசாரணை இன்னும் முடியலன்னு சொன்னாங்க."

"முடியல."

தாளை எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. பேனாவை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

"கையெழுத்துப் போடுங்க."

போட்டேன்.

"தேதி மேடம்."

போட்டேன். அவள் அதை ஒருமுறை சரிபார்த்தாள்.